இரண்டாவது சாவி

பிரபு,

இதை நின்றுகொண்டே படிக்காதே, ஆபீஸ் லிஃப்டில் வைத்தும் படிக்காதே. ஓர் இடத்தில் உட்கார். போனில் நான் வாயைத் திறந்தாலே உனக்கு இன்னொரு அழைப்பு வந்துவிடுகிறது. காகிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். இந்த நாலைந்து மாதமாக அம்மா காரைப் பற்றியே பேசிக் கழுத்தை அறுக்கிறாள் என்று நீ நினைத்திருப்பாய். மருமகள் தீபாவிடம் சொல்லிச் சிரித்திருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் கார் கதையை நான் உனக்கு முழுதாகச் சொல்லவே இல்லை. சொன்னதெல்லாம் பம்பு, காயில், பெட்டி என்கிற பாகங்கள்தான். மீதியை இப்போது எழுதுகிறேன்.

சித்திரை வெயிலில்தான் முதலில் நின்றது. ஒரகடம் கூட்டு ரோட்டில், நடுப்பகலில், எனக்குப் பின்னால் மூன்று கம்பெனி பஸ்கள். இருமவில்லை, திணறவில்லை, சும்மா அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பத் திருப்ப ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இஞ்சின் பிடிக்கவில்லை. பஸ்காரன் ஹாரனிலேயே என் குலத்தை விசாரித்தான். இரண்டு செக்யூரிட்டிகள் வந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். புளியமரத்து நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, போனால் போகிறதென்று சாவியைப் போட்டேன். எதுவுமே நடக்காததுபோலக் கிளம்பியது. அன்றிலிருந்து அதே பழக்கம்தான். காலையில் நன்றாக ஓடும், சூடேறினால் நிற்கும், ஆறினால் ஓடும். உன்னிடம் சொன்னேன். நீ யோசிக்காமல், "அந்த டப்பாவை வித்துடும்மா. எங்கேயாவது போகணும்னா சொல்லு, இங்கேருந்தே கால் டாக்ஸி புக் பண்ணி விடறேன்" என்றாய். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு வடக்குப்பட்டில் இருப்பவளுக்கு டாக்ஸி அனுப்பும் பிள்ளை எத்தனை பேருக்குக் கிடைக்கும்! நல்ல எண்ணம்தான். எனக்குத்தான் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

விற்க மனம் வராததற்கு உன் அப்பாவின் ஞாபகம்தான் காரணம் என்று நீ நினைப்பாய். அவர் பழையதாக வாங்கிய கார்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் இருந்தவரை நான் அந்தக் காரை ஓட்டியதில்லை. அவர் போன பிறகு, நம் தெரு முனையிலேயே இருக்கும் கம்பெனிப் பெண்களின் ஹாஸ்டலில் வார்டன் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஸ்ரீபெரும்புதூர் டிரைவிங் ஸ்கூலில் பேரன் வயதுப் பையன்களோடு நின்று கற்றுக்கொண்டேன். இப்போது அது என் வண்டி. அது வாசலில் நின்றால் நான் எங்கே வேண்டுமானாலும் போகக்கூடியவள். போகிறேனா என்பது வேறு விஷயம்.

சாவி விஷயத்தில் மட்டும் அப்பா ஞாபகம்தான். உனக்கு வேலை கிடைத்து நீ முதல்முறை பெங்களூர் பஸ் ஏறிய அன்று, அவர் இரண்டாவது சாவியை எடுத்து உன் சட்டைப்பையில் போட்டார். "எனக்கெதுக்குப்பா, அங்க கொண்டுபோய் நான் என்ன பண்ணப்போறேன்?" என்று கேட்டாய். "வூட்டுக்கு வர்ற புள்ள சாவி குடுன்னு கேட்டுகினு நிக்கக் கூடாதுடா" என்றார். அதற்குப் பிறகு நீ லீவில் வரும்போதெல்லாம் பையைப் போட்டுவிட்டு, குளித்து, தூங்கி எழுந்து, சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவாய். அடுப்படியில் நிற்கிற எனக்கு அந்த ஸ்டார்ட்டர் சத்தம் கேட்கும். பையன் எழுந்துவிட்டான், இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி போட வேண்டும் என்று கை தானாகப் பானைக்குப் போகும். இதையெல்லாம் நான் உன்னிடம் சொன்னதில்லை. சொல்கிற அளவுக்குப் பெரிய விஷயமாக அப்போது தெரியவில்லை.

சரி, காருக்கு வருகிறேன். தேரடிப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் பாயை உனக்குத் தெரியும். நல்ல மனிதர், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். வண்டியைத் தொடுவதற்கு முன்பே, "பெட்ரோல் பம்புமா, கண்ண மூடிக்கினு சொல்வேன்" என்றார். கண்ணை மூடிக்கொண்டே மாற்றினார் போலிருக்கிறது, மறுநாளே தண்டலம் தாண்டி நின்றது. பிறகு தீப்பொறி விடுகிற காயில் என்றார். அதையும் மாற்றியாயிற்று, வண்டி ஹாஸ்டல் வாசலிலேயே நின்றது. "இன்னாமா இது, எல்லாம் புச்சாக்கீது, அப்பறம் இன்னாத்துக்கு நிக்குது?" என்று என்னையே கேட்டார். இது அவருக்கும் எனக்கும் பொதுவான குணம் என்று பிறகு தோன்றியது. எது வலிக்கிறது என்று பார்க்காமல், கைக்கு எட்டியதை மாற்றிக்கொண்டிருப்பது. நீயும் தீபாவும் சண்டை போட்டால் ஒன்று செய், உடனே சினிமாவுக்கு டிக்கெட் எடுக்காதே. முதலில் எங்கே வலிக்கிறது என்று கேள். உன் அப்பா கடைசிவரை எனக்குப் புடவைதான் வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் முறை பாய் ஹாஸ்டல் வாசலுக்கே வந்தார். இடது பக்க சீட்டின் கால்மாட்டில், டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு ஒரு மூடியைக் கழற்றினார். உள்ளே டிபன் பாக்ஸ் அளவில் ஓர் அலுமினியப் பெட்டி. "இதான் இஞ்சினோட கம்ப்யூட்டர். எப்ப தீப்பொறி வுடணும், எவ்ளோ பெட்ரோல் வுடணும், எல்லாம் இதான் சொல்லும். இதுல சூடு ஏறுனா டிமிக்கி குடுக்குதான்னு பாக்கணும். ஹேர் டிரையர் கீதா?" என்றார். எண்பது பெண்கள் இருக்கிற ஹாஸ்டலில் அதற்கா பஞ்சம்! சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் முத்துலட்சுமி ஓடிப்போய்த் தன்னுடையதைக் கொண்டுவந்தாள். வாட்ச்மேன் ரூமிலிருந்து ஒயர் இழுத்தோம். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பாய் அந்தப் பெட்டிமேல் சூடான காற்றை அடித்தார். இரண்டாவது ஷிஃப்டுக்குக் கிளம்பி நின்ற பெண்கள் எல்லாம் சுற்றி நின்று, "ஏட்டி, வார்டன் காருக்குத் தல காய வைக்காவ!" என்று ஒரே சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் இஞ்சின் பொசுக்கென்று அணைந்தது. ஆறவிட்டார், கிளம்பியது. மறுபடி சூடு காட்டினார், அணைந்தது. பாய் முகத்தைப் பார்க்க வேண்டுமே, குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்த போலீஸ்காரர் தோற்றார். அன்று நானும் சிரித்தேன். பிறகு ஷிஃப்ட் பஸ் வந்தது, எல்லோரும் ஏறிப் போனார்கள். கொடியில் காயும் துணிகளும் நானும் மிச்சம்.

அந்தக் காரைக் கம்பெனிக்காரன் விற்பதை நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டதால் ஷோரூமில் புதுப் பெட்டி கிடையாது. பாய் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் அலைந்து, நம்பர் பொருந்துகிற பழைய பெட்டி ஒன்றைப் பிடித்துவிட்டார். ஆடி பிறப்பதற்குள் அது அவர் கடையில் தயாராக இருந்தது. அப்போதுதான் கேட்டார், "எத்தினி சாவிமா?"

இரண்டு என்றேன்.

"ரெண்டையும் ஒரே வாட்டி எடுத்துகினு வாங்க. சாவித் தலைக்குள்ள சின்னதா ஒரு சிப்பு கீது. பொட்டிக்கு அந்தச் சாவி தெரிஞ்சாத்தான் வண்டி எடுக்கும். இந்தப் பொட்டி வேற வண்டில இருந்தது, அந்த ஞாபகத்தையெல்லாம் அழிச்சிட்டு உங்க சாவிய அதுக்குக் காட்டணும். அன்னிக்கு இல்லாத சாவி கதவத் தொறக்கும், அவ்ளோதான். வண்டி எடுக்காது."

"அப்புறமா சேர்க்க முடியாதா?"

"சேக்கலாம். மறுபடி முதல்லேர்ந்து எல்லாத்தையும் அழிக்கணும். அந்த மிஷினு என்கிட்ட இல்லமா, பூந்தமல்லிலேர்ந்து ஒருத்தன் எடுத்துகினு வருவான். அவன ஒரு வாட்டி புடிக்கிறதே பெரும்பாடு. இன்னொரு சாவி யார்கிட்ட கீது?"

"என் பையன்கிட்ட. பெங்களூர்ல. அவன் வந்துடுவான், அப்போ சேர்த்தே செஞ்சுடலாம்" என்றேன்.

அதை எவ்வளவு தைரியமாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. நீ சுதந்திர தின லீவுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாய் அல்லவா, அந்தத் தைரியம். அந்த லீவில் தீபாவின் சித்தி வீட்டுக்குப் போக வேண்டியதாகிவிட்டது. சரி, விநாயகர் சதுர்த்திக்கு என்றாய். அப்போது ஆபீஸில் ஏதோ முடிக்க வேண்டியிருந்தது. இரண்டு தடவையும் நான் "பரவாயில்லடா" என்றேன். சாவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நீ சாவிக்காக வந்ததாக ஆகிவிடும். எனக்காக வா, வரும்போது உன் பையில் சாவி தானாக இருக்கட்டும் என்று ஓர் அற்ப ஆசை. பாய் இரண்டு முறை போன் செய்தார். "ஒரு சாவியோட முடிச்சிடலாமா?" என்றார். வேண்டாம், பையன் வருகிறான் என்றேன். உன் சாவி அந்த வண்டிக்குத் தெரியாத சாவியாகப் போவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான். நடுவழியில் நிற்கும் என்று பயந்து காரை எடுப்பதையே விட்டுவிட்டேன், அது ஹாஸ்டல் வாசலில் தூசி படிந்து நின்றது. பக்கத்துக் கம்பெனி ஒன்று மூடியதில் மாடி முழுக்க ஏற்கெனவே காலி. பூட்டின அறைகள், ஓடாத கார், நடுவில் நான். நல்ல குடும்பம்.

அப்படி இருக்கும்போதுதான் முத்துலட்சுமிக்கு வயிற்று வலி வந்தது. முதல் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே குனிந்துகொண்டுதான் இறங்கினாள். சோடா குடித்தாள், படுத்தாள், ஒரு மணி நேரத்தில் சுருண்டுவிட்டாள். 108-க்குப் போன் செய்தேன். வண்டி வேறோர் இடத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். ஆண்பிள்ளை யாராவது இருந்தால் தூக்கலாம் என்றால் வாட்ச்மேன் என்னைவிடக் கிழவர். நானும் இரண்டு பெண்களுமாகக் கைத்தாங்கலாக ரோட்டுக்குக் கூட்டி வந்து ஷேர் ஆட்டோவை நிறுத்தினோம். அதில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர். தண்டலம் ஆஸ்பத்திரி வரை அவள் தலை என் மடியில். ஒவ்வொரு குழிக்கும் என் முந்தானையைக் கடித்தாள். ஒரு முறை கண்ணைத் திறந்து, "வார்டனம்மா, ஒங்க கார்தான் வாசல்ல நிக்கில்லா, அதுல போயிருக்கலாம்லா?" என்று கேட்டாள்.

"ரிப்பேரு கண்ணு" என்றேன்.

பொய். ரிப்பேர் முடிந்திருக்க வேண்டிய கார் அது. பெட்டி பாய் கடையில், கார் என் வாசலில், நடுவில் என் பிடிவாதம். அந்தக் குழந்தைக்குக் குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாக டாக்டர் சொன்னார். சாயங்காலமே ஆபரேஷன் செய்து காப்பாற்றிவிட்டார்கள். ஏதாவது ஆகியிருந்தால் நான் யாருக்குப் பதில் சொல்வேன்? என் பையன் வருவதற்காகக் காத்திருந்தேன் என்றா?

அவள் அம்மா மறுநாள் சங்கரன்கோவிலிலிருந்து வந்து சேர்ந்தாள். பீடி சுற்றுகிறவள். இந்தப் பக்கம் வந்ததே இல்லையாம். எந்த பஸ் எங்கே போகும் என்று தெரியாமல் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய், போர்வைக்கு வெளியே தெரிந்த அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பொறாமை என்றால் என்னவென்று அன்று தெரிந்தது. பாசத்தைப் பார்த்துப் பொறாமைப்படலாமா என்று கேட்காதே, பட்டேன்.

அங்கே வராந்தாவில் இருந்துதான் உனக்குப் போன் செய்தேன். நாம் பேசியது உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது.

"பிரபு, அந்த இன்னொரு கார் சாவி வேணும்டா. அது இல்லாம வண்டி ரெடி பண்ண முடியாதாம்."

"எந்தச் சாவி? ஓ, அதுவா! இங்கதான் எங்கேயோ டிராயர்ல கிடக்கு. அவசரமாம்மா?"

"அவசரம்தான்."

"ரெண்டு நாள்ல உன் கையில இருக்கும். நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாத."

நான் கவலைப்படவில்லை. மறுநாள் காலையிலேயே ஷேர் ஆட்டோவில் போய் வஞ்சிரம் வாங்கி வந்தேன். வீட்டில் உன் அறை மெத்தையை வெயிலில் போட்டேன். பெண்கள், "வார்டனுக்கு இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டதற்கு, என் மகன் வருகிறான் என்று சொன்னேன். ஒருத்தியிடம் இல்லை, கேட்டவள் கேட்காதவள் எல்லோரிடமும். மத்தியானம் ஹாஸ்டல் கேட்டில் ஒரு பைக் நின்றது. கூரியர்காரன். என் பெயரைச் சரியாகப் படிக்கத் தெரியாமல் படித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கவரைக் கொடுத்தான். குமிழ் குமிழான பிளாஸ்டிக்கில் பத்திரமாகச் சுற்றி, அதன்மேல் டேப் ஒட்டி, உள்ளே சாவி. உடையாத பொருளை அவ்வளவு பத்திரமாகச் சுற்றியிருந்தாய். பெங்களூரிலிருந்து இங்கே வர ஒரே நேர் ரோடு. அந்தக் கவர் அந்த ரோட்டில்தான் வந்திருக்கும்.

முதலில் கோபம்தான் வந்தது. மீனைத் தூக்கி வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் நீ, "வந்துடுச்சாம்மா?" என்று கேட்டபோது, "வந்துடுச்சு, தேங்க்ஸ்டா" என்றேன். பெற்ற பிள்ளைக்குத் தேங்க்ஸ் சொன்னது அதுதான் முதல் தடவை. நீ கவனிக்கவில்லை. கோபம் இறங்கிய பிறகு யோசித்துப் பார்த்தேன். நீ என்ன தப்பு செய்தாய்? சாவி கேட்டேன், சாவி வந்தது. நீ சொன்னதைவிட ஒரு நாள் முன்னதாகவே வந்தது. உன்னைக் கேட்டிருந்தால் நீ வந்திருப்பாயோ என்னவோ, நான்தான் கேட்கவே இல்லையே. கேட்டால் வரமாட்டாய் என்கிற பயம். சாவி கேட்டால் இல்லை என்று வராது, அந்தச் சௌகரியத்தில் ஒளிந்துகொண்டேன்.

மறுவாரம் பூந்தமல்லிக்காரன் கிடைத்தான். பாய் கடையில் அந்தப் புதுப்பேட்டைப் பெட்டியைப் பொருத்தி, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, "எல்லாச் சாவியும் வந்துட்சா? அப்பறம் ஒண்ணு கீதுன்னு சொல்லாதீங்கமா" என்றான். கைப்பைக்குள் என் விரல் உன் சாவிமேல்தான் இருந்தது. ஒரு நிமிஷம் கொடுக்க வேண்டாமென்றே தோன்றியது. செத்த சாவியாகவே டிராயரில் கிடக்கட்டும், உனக்கென்ன என்று. பாய் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கொடுத்துவிட்டேன். முதலில் என் சாவியைக் காட்டினார்கள், பிறகு உன்னுடையதை. டீ குடிக்கலாமென்று நான் வெளியே வந்து நின்றேன். பின்னால் கார் கிளம்பிய சத்தம். உன் சாவியில் கிளம்பிய சத்தம்தான், திருப்பியது பூந்தமல்லிக்காரன். தெரிந்தும் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். எதிர்க் கடைக்காரன் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வெயில் அதிகம் என்று அவனே சொல்லிவிட்டான்.

அன்று கொளுத்தும் வெயிலில் ஒரகடம் ரோட்டில் வேண்டுமென்றே ஓட்டினேன். இதோ நிற்கும், இதோ நிற்கும் என்று ஓரமாகவே ஓட்டிப் போனேன். நிற்கவில்லை. கூட்டு ரோட்டில் சிக்னலில் பஸ்களுக்கு நடுவே கர்வமாக உறுமிக்கொண்டு நின்றது. வடக்குப்பட்டு வந்து அணைத்தபோது, இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. முத்துலட்சுமி ஓய்வுக்காக அம்மாவோடு ஊருக்குப் போயிருந்தாள், மற்றவர்கள் ஷிஃப்டில். உனக்குப் போன் செய்தேன். "சூப்பர்மா! அப்புறம் கூப்பிடறேன், மீட்டிங்" என்றாய். காருக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏறி உட்கார்ந்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். போவதற்கு எந்த வீடும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

தனியாக இருக்கிறேன், பிரபு. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. நீ கேட்கும்போதெல்லாம், "எனக்கென்னடா, எண்பது பொண்ணுங்க கூட இருக்கேன்" என்று சொல்வேனே, அது உன்னைச் சமாதானப்படுத்தச் சொன்னது. அந்தப் பெண்கள் நல்லவர்கள். ஆனால் அவரவர்க்கு அம்மா இருக்கிறாள், ஊரில். லீவு விட்டால் என்னைத் தாண்டித்தான் ஓடுவார்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு. நான் கேட்டில் நின்று பத்திரமாகப் போங்கள் என்று சொல்வேன். உன்னை அங்கிருந்து வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. என்னைப் பெங்களூருக்கு வந்துவிடச் சொன்னால் அதற்கும் நான் தயாரில்லை, இங்கே எனக்கு வேலை இருக்கிறது. உனக்கு அறிவுரை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, தூரப் போனால், மனசில் இருப்பதை வாயால் கேட்டுவிடு. சுற்றி வளைத்து வேறொன்றைக் கேட்காதே. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், கேட்டதைச் சரியாக அனுப்பிவிடுவார்கள்.

இந்தக் கவருக்குள் உன் சாவி இருக்கிறது. நன்றாகச் சுற்றத் தெரியாது எனக்கு, பழைய பேப்பரில் மடித்து வைத்திருக்கிறேன். மாற்றிய பெட்டிக்கு உன் சாவியைத் தெரியும், சோதித்துப் பார்த்தாகிவிட்டது. அதை டிராயரில் போட்டாலும் சரி, சட்டைப்பையில் போட்டாலும் சரி, கூரியரில் மட்டும் போடாதே. இந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டும். தீபாவையும் கூட்டி வா. விசேஷம் ஒன்றும் இல்லை, உன்னைப் பார்க்க வேண்டும், அதற்குத்தான். சாவியை மறந்து வைத்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை, என்னுடையது இருக்கிறது.

அம்மா